வியாழக்கிழமை லீவு

போன வாரம், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்ற மெக்கானிக் போல்ட்டை அந்தரத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பதறிப்போனவர்களுக்கு முதலில் நல்ல சேதி. ஆள் பிழைத்துக்கொண்டாள். முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி.

பிழைத்தது அவள் சாமர்த்தியத்தால் அல்ல. லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. கூண்டின் மேலேயோ அடிக்குழியிலோ கால் வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் தனிப் பூட்டு. மாட்டியவர்தான் கழற்றலாம், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது.

இதில் முதலாளி யாருக்கும் தயவு காட்டியதில்லை. ஒரு தடவை ஒரு மெக்கானிக், பூட்டை மாட்டிய கொஞ்ச நேரத்தில் குடல்வால் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். சாவி அவன் பையில். கட்டடத்துக்காரர்கள் பூட்டை அறுக்கச் சொல்லிக் கத்தினார்கள். இவர் அசையவில்லை. ஆபரேஷன் முடிந்து அவனுக்கு மயக்கம் தெளியும் வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவன் தன் வாயால் சரி என்று சொல்லி, தன் கையால் சாவியை எடுத்துக் கொடுத்த பிறகுதான் கிளம்பினார். அன்று முழுவதும் அந்தக் கட்டடமே படியேறி இறங்கியது.

அப்படிப்பட்டவரின் மகள்தான் போல்ட்டு. சின்ன வயதில் சட்டைப் பை நிறைய போல்ட்டும் நட்டுமாகத் திரிந்ததால் வந்த பெயர். இப்போது வயது முப்பத்தொன்று, அந்தக் கடையிலேயே கைதேர்ந்த மெக்கானிக். அவளுடைய சிவப்புப் பூட்டு அன்றைக்கு சுவிட்சில் இல்லை, பையிலேயே கிடந்தது. காவலாளி தெரியாமல் சுவிட்சைப் போட, கூண்டு இரண்டடி எழும்பிவிட்டது.

எப்படி மறந்தாய் என்று கேட்டபோது அவள் மழுப்பவில்லை. கஞ்சா என்றாள். ஆறு வருஷமாக. ஆரம்பத்தில் தூக்கம் வருவதற்காக, இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை. நாலு தடவை விடப் பார்த்து, நாலு தடவையும் முடியாமல் போயிருக்கிறது. இதை அவள் சொன்னது அண்ணியிடம் மட்டும்.

அண்ணன் காதுக்கு அது எப்படிப் போனது? அண்ணிதான் சொன்னாள். கட்டிய புருஷன், கூடப் பிறந்த அண்ணன், உதவிதான் செய்வார் என்று நம்பிச் சொன்னாள். அந்த நம்பிக்கைக்கு என்ன கதி ஆனது என்பதுதான் இந்த வாரக் கதை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணி காரில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாக அந்தக் கடையின் போனும் வேலைப் புத்தகமும் அவள் பொறுப்பு. எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் முதலில் அலறுவது அவள் மேஜைதான். அந்த மேஜையை விட்டு அவளைக் கிளப்பிக்கொண்டு வருவதென்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும்.

கணவர் இஸ்திரி கலையாத சட்டையில் கார் ஓட்டிக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருக்கிறது. போதைப் பழக்கத்தை விட வைக்கிறார்கள். மூன்று மாதம். போன் கிடையாது, வெளியாட்கள் கிடையாது. இன்று நாலு மணிக்கு அவர்களே வண்டி கொண்டு வந்து அழைத்துப் போவார்கள். வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அவகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா ஓடிப் போயிடுவா" என்றார்.

விடுதியின் பெயர்ப் பலகையைவிட கேட் பெரிதாக இருந்தது. நிர்வாகி என்று ஒருவர் வந்தார். பேச்சில் தேன் ஒழுகியது. குடியோ கஞ்சாவோ எதுவானாலும் இங்கே ஒரே வைத்தியம்தான் என்றார். அது என்ன வைத்தியம் என்று அண்ணி கேட்டாள். கட்டுப்பாடு என்றார். டாக்டர்? வாரம் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுவாராம். உள்ளே வருகிறவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசுவார்களா என்று கேட்டதற்கு, பேச விட்டால் பொய்தான் சொல்வார்கள் என்று சிரித்தார்.

பெண்கள் பகுதி மாடியில். ஆறு கட்டில், ஒரு ஜன்னல். கதவுக்கு வெளியே இரண்டு தாழ்ப்பாள், உள்ளே ஒன்றுகூட இல்லை. லிஃப்ட் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், கதவைப் பார்த்தால் முதலில் அது எந்தப் பக்கம் திறக்கும் என்றுதான் கண் போகும். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன கிழமைங்க?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நிர்வாகி முந்திக்கொண்டார். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, படு" என்றார். அந்தப் பெண்ணும் சொன்னபடி படுத்துக்கொண்டாள். அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிழமை தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்? புதன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள்.

இறங்கப் பார்த்தால் படிக்கட்டின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நிர்வாகி கூப்பிட்டார், கை தட்டினார், போன் பண்ணினார். சாவிக்காரருடைய போன் மாடியிலேயே ஓர் அலமாரியில் மணியடித்தது. இருபது நிமிஷம் மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணவர் நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"இதுவரைக்கும் பிடிச்சதில்லைங்க" என்றார் நிர்வாகி.

திரும்பி வரும்போது அவள் காரிலேயே வெடித்தாள். நம்மையே இருபது நிமிஷம் பூட்டி வைத்தவன் அவளை மூன்று மாதம் என்ன செய்வான் என்று கேட்டாள். கணவர் பிடி கொடுக்கவில்லை. ஊருக்குத் தெரிந்தால் ஒரு கட்டடத்துக்காரனும் நம்மை நம்ப மாட்டான், பெண்பிள்ளை கஞ்சா அடிக்கிறாள் என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா என்றார். மற்ற வழிகளையும் யோசிக்காமல் இல்லையாம். அத்தைக்காரி, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறாள். நண்பர் ஒருவர் ஏதோ பொடி தருகிறார், தெரியாமல் காபியில் போட்டுக் கொடுத்தால் போதுமாம்.

"பூட்டி வைக்கறது, கட்டிக் குடுக்கறது, காபியில கலக்கறது. மூணுலயும் அவளை ஒரு வார்த்தை கேக்கற மாதிரி எதுவும் இல்லையே" என்றாள்.

அதற்குக் கணவர் ரேடியோவைப் போட்டார்.

நாத்தனாருக்கு வக்காலத்து வாங்கும் அண்ணியை எந்தக் கதையில் பார்த்திருக்கிறீர்கள்? இவளுக்கே அது புதிதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். போல்ட்டு கிரீஸ் கையோடு வேலைப் புத்தகத்தைத் தொட்டுவிட்டாள் என்று ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். பிறகு எப்போது ஒட்டிக்கொண்டார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

கடைக்கு வந்ததும் அண்ணி நேரே பின்னாலிருந்த பட்டறைக்குப் போனாள். அந்த விபத்துக்குப் பிறகு மாமனார் மகளை வெளி வேலைக்கு அனுப்புவதில்லை. போல்ட்டு மேஜையில் ஒரு லிஃப்ட் கதவின் பூட்டுப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கஞ்சாவைத் தொட்டு மூன்று நாளாகிறது. சட்டை முதுகில் ஒட்டுமளவுக்கு வியர்த்திருந்தது. காலையில் வாங்கி வைத்த ரொட்டி கடிக்கப்படாமல் காய்ந்து கிடந்தது. மூன்று ராத்திரியாகக் கண்ணை மூடவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

சொல்லாதே என்று கணவர் சொன்னது காதில் நின்றது. சொன்னால் இவள் ஓடிவிடலாம். ஓடினால் பழி முழுக்கத் தன் தலையில்தான் விழும். இருந்தாலும் அந்தக் கட்டில் பெண்ணின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நாலு மணிக்கு ஒரு வண்டி வருது" என்று ஆரம்பித்து, கம்பிக் கதவு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

போல்ட்டு திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "அப்போ இந்தக் கதவை மூணு மணிக்குள்ள முடிச்சுடறேன்" என்றாள்.

அண்ணிக்குக் கோபம் போல்ட்டு மேலேயே திரும்பியது. "உன்னைத்தான் கேக்கறேன். உன் உடம்பு, உன் பழக்கம். என்ன பண்ணலாம்னு நீ நினைக்கிறே?"

அந்தக் கேள்விக்குத்தான் போல்ட்டின் கை நின்றது. பிறகு எழுந்து, மெக்கானிக்குகளின் இரும்பு அலமாரி வரிசையில் தன்னுடையதைத் திறந்து, ஸ்பானர் பெட்டியின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பொது ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி அட்டை. மனநலப் பிரிவு, வாரா வாரம் காலை பத்து மணி. ஐந்து தேதிகள் எழுதியிருந்தன. முதல் இரண்டுக்கு எதிரே டாக்டரின் கையெழுத்து. அடுத்த மூன்றுக்கும் எதிரே 'வரவில்லை'.

யாரும் சொல்லாமல், யார் கையையும் பிடிக்காமல், இந்தப் பெண் தானாகவே வைத்தியம் தேடிப் போயிருக்கிறாள். வீடே கூடி வழி தேடிக்கொண்டிருக்கும்போது, வழி அவள் ஸ்பானர் பெட்டியில் இருந்திருக்கிறது.

"ஏண்டி, அப்புறம் ஏன் போகலை?"

போல்ட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை, அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டாள்.

அண்ணி தன் மேஜைக்கு வந்து வேலைப் புத்தகத்தைப் புரட்டினாள். அட்டையில் இருந்த மூன்று தேதிகளும் புத்தகத்திலும் இருந்தன. மூன்றிலும் 'போல்ட்டு, காலை லீவு' என்று எழுதி, மேலே கோடு அடித்திருந்தது. முதல் தடவை ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் நின்றிருந்தது. இரண்டாவது தடவை கயிறு மாற்ற ஆள் போதவில்லை. மூன்றாவது தடவை ஒன்றுமேயில்லை, ஒரு வாடிக்கையாளர் அந்தப் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும் என்று அடம் பிடித்தார். மூன்று கோடும் அண்ணி போட்டவை. அவளுடைய பேனா, அவளுடைய கை.

என்ன லீவு என்று அவள் கேட்கவும் இல்லை. மூன்றாவது தடவை, "வாரா வாரம் என்னடி உனக்கு வியாழக்கிழமையில அப்படி ஒரு வேலை?" என்று கிண்டல் செய்தது இப்போது ஞாபகம் வந்தது. போல்ட்டு அன்றைக்குச் சிரித்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு வாரம் கழித்து அவள் பூட்டை மறந்தாள்.

காலையிலிருந்து உலகத்தின் மேலெல்லாம் வந்த கோபம் இப்போது போக இடமில்லாமல் அவள் நெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தது. அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது.

அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். டாக்டரம்மாவே எடுத்தாள். அண்ணி, போல்ட்டின் உண்மைப் பெயரைச் சொல்லி, அவள் அங்கே வந்தாளா என்று கேட்டாள். யார் வருகிறார்கள் யார் வரவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, பொதுவாகக் கேட்டால் சொல்கிறேன் என்று பதில் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். இன்று அப்படி வரவில்லை. போல்ட்டின் விஷயத்தைப் போல்ட்டிடமே விட்டுவைக்க ஊரில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

பொதுவாகவே கேட்டாள். கஞ்சாவை விடவைக்கவென்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது என்றாள் டாக்டரம்மா. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ தேவைப்பட்டால் கொஞ்ச நாள் மருந்து கொடுப்பார்கள். மற்றபடி வைத்தியம் என்பது வாரா வாரம் உட்கார்ந்து பேசுவதுதான். எந்த நேரத்தில் கை அதைத் தேடுகிறது, ஏன் தேடுகிறது, அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. முதல் வாரம் மோசமாக இருக்கும். தூக்கம் வராது, பசி இருக்காது, எரிந்து எரிந்து விழுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தணியும். விடுதியில் தங்க வேண்டிய அளவுக்கு முற்றிய சிலர் இருக்கிறார்கள். அப்படி இருந்தால் நாங்களே சொல்வோம், அவர்கள் சம்மதத்தோடு, டாக்டர் இருக்கும் இடமாகப் பார்த்து அனுப்புவோம் என்றாள்.

"வீட்டுல இருக்கறவங்க என்ன பண்ணணும்?" என்று அண்ணி கேட்டாள்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம்மா. அவங்க வர வேண்டிய நாள்ல அவங்களை வர விடுங்க. நிறையப் பேர் ரெண்டு தடவை வந்துட்டு நின்னுடறாங்க. கேட்டா, லீவு கிடைக்கலைம்பாங்க."

போனை வைத்த பிறகும் அண்ணியின் கை ரிசீவர் மேலேயே இருந்தது.

சரியாக நாலு மணிக்கு வண்டி வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட வெள்ளை வேன். இரண்டு பேர் இறங்கினார்கள், இருவரும் கதவை அடைக்கும் அளவுக்கு அகலம். பெரியவன் கையில் அட்டையில் செருகிய விண்ணப்பம் இருந்தது. கணவர் அதை வாங்கி, உள்ளேயிருந்து வந்த மாமனாரிடம் பேனாவோடு சேர்த்து நீட்டினார்.

மாமனார் குறைவாகப் பேசுகிறவர். நாற்பது வருஷம் மோட்டார் அறைகளில் நின்று காதும் பாதி மந்தம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தார். போல்ட்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். தப்பி ஓடுவாள் என்று கணவர் பயந்த பெண், அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் அண்ணி.

கணவர் கண்ணாலேயே அதட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி அட்டையையும் வேலைப் புத்தகத்தையும் மாமனார் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எதையும் பூசி மெழுகவில்லை. இவள் தானாகப் போனாள், நான்தான் போக விடாமல் அடித்தேன், மூன்று கோடும் என்னுடையது என்றாள். அவளைப் பூட்டுவதென்றால் முதலில் என்னைப் பூட்ட வேண்டும் என்றும் சொன்னாள்.

"உணர்ச்சிவசப்பட்டுப் பேசாதே. இது குடும்ப மானம்" என்றார் கணவர்.

அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"உங்களுக்கு இருபத்தி மூணு வயசுல இதே பழக்கம் இருந்துச்சே, அப்போ இந்த மானம் எங்க போயிருந்துச்சு? உங்க அம்மா எங்கிட்ட சொல்லியிருக்காங்க. உங்க தாய்மாமா வீட்டுக்கு ஓய்வுக்குப் போனீங்க. திரும்பி வந்தப்போ பைக் வாங்கிக் குடுத்தாங்க. அவளுக்கு மட்டும் கம்பி போட்ட வண்டியா?"

வேன்காரர்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

மாமனார் விண்ணப்பத்தின் கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டு, பெரியவனிடம் கேட்டார்.

"அந்த ரூமுக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"எங்ககிட்டதாங்க. அவங்ககிட்ட குடுத்தா எப்படிங்க?"

மாமனார் தலையாட்டினார். மகளைப் பார்த்தார். அவளிடம் கேட்க அவருக்கு என்ன வார்த்தை கிடைக்கும் என்று அண்ணி தவித்துப் போனாள். வாழ்நாளெல்லாம் போல்ட்டிடம் அவர் பேசியது கயிறு, கியர், பிரேக் இவ்வளவுதான்.

அவர் கேட்கும் வரை போல்ட்டு காத்திருக்கவில்லை. பட்டறைக்குள் திரும்பிப் போனாள். ஸ்பானர்கள், மீட்டர், கருவிப் பை எல்லாவற்றையும் தன் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பூட்டை எடுத்து மாட்டினாள். பூட்டிய சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் கூண்டு மேல ஏற மாட்டேன்ப்பா. நாளைக்கு வியாழக்கிழமை. நான் போறேன். இந்தப் பூட்டை நான்தான் மாட்டினேன், நானே கழட்டிக்கிறேன்."

மாமனார் பேனாவை மூடினார். விண்ணப்பத்தை அட்டையோடு வேன்காரனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சாவி அவகிட்ட இருக்கு. நீங்க போகலாம்" என்றார்.

வண்டி போன பிறகு அவர் அலமாரி வரை நடந்து போய், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். எந்த மெக்கானிக் மாட்டினாலும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். மற்ற ஆட்களிடம், இதை ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐந்து மணி வாக்கில் அண்ணியின் போன் அலறியது. கடையின் பெரிய வாடிக்கையாளர், எட்டு லிஃப்ட் உள்ள கட்டடத்தின் மேலாளர். நாளைக் காலை பத்து மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார், அந்தப் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த கணவர் காதைத் தீட்டிக்கொண்டார். அந்த மெஷின் அவளுக்குத்தான் தெரியும் என்று உதடு அசைத்தார். ஒரு நாள்தானே, அடுத்த வாரம் போகட்டும் என்று கையையும் ஆட்டினார்.

அண்ணி வேலைப் புத்தகத்தைத் திறந்தாள். வியாழன், காலை, போல்ட்டு, லீவு என்று அழுத்தி எழுதினாள்.

"அவங்க நாளைக்கு வர முடியாதுங்க. எங்க முதலாளியோட மகன் வருவார். அவருக்கு அந்த மெஷின் அத்துப்படி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஒன்பது வருஷமாக ஸ்பானரைக் கையால் தொடாத அந்த மகன் திருதிருவென்று விழித்தார். சுவரில் வரிசையாகத் தொங்கிய பூட்டுகளில் அவருடையது மட்டும் துருப்பிடித்திருந்தது. அதன் சாவி எங்கே என்று கேட்டாள். அவர் முதலில் சட்டைப் பையைத் தடவினார், பிறகு எழுந்து, மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேட ஆரம்பித்தார்.

அவரைத் தேட விட்டுவிட்டு அண்ணி பட்டறைக்குப் போனாள். போல்ட்டு தன் அலமாரிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மற்ற ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணி பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"அண்ணி, மிச்சம் இருந்த கஞ்சா அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் போல்ட்டு.

அண்ணி பூட்டைப் பார்த்தாள். ஒருத்தரும் தொடக் கூடாது என்று மாமனார் கட்டளை போட்டுவிட்டுப் போன பூட்டு. வண்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பிய பூட்டு.

"எடுத்துக் கொட்டிடலாம்னுதான் திறந்தேன். கை வரலை. கருவியோட கருவியா உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்." அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். அவள் கை சில்லிட்டு வியர்த்திருந்தது.

"நானே என் வாயாலதான் சொல்றேன், என் கையாலதான் தர்றேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நீ வெச்சுக்கோ. நடுவுல நான் வந்து கேப்பேன். கெஞ்சுவேன். உன்னை என்ன வேணா திட்டுவேன். அந்த மூணு வியாழக்கிழமையைக்கூடச் சொல்லிக் காட்டுவேன். நீ குடுக்காதே, அண்ணி."

மாட்டியவர்தான் கழற்றலாம் என்றால், அவரே வந்து கேட்கும்போது சாவியைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கடையில் நாற்பது வருஷமாக அதுதான் விதி, அந்த விதியைச் சொல்லித்தான் இவள் இன்று தப்பித்தாள். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சாவியைச் சேலை முனையில் முடிந்துகொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால்.